டோக்கியோவில் முதல் மாதம்: காலை ரயிலில் ஏறி இறங்கக் கற்பது

டோக்கியோவுக்கு வேலைக்கு வருகிறவர்கள் மொழியைப் பற்றிக் கவலைப்படுவார்கள். சாப்பாட்டைப் பற்றி அதைவிட அதிகம் கவலைப்படுவார்கள். நிலநடுக்கத்தைப் பற்றிக் கவலைப்படும் பொறுப்பை ஊரிலுள்ள அம்மா ஏற்றுக்கொள்வார். காலை ரயிலைப் பற்றி யாரும் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வரை படியில் தொங்கிக்கொண்டு போனவர்களுக்கு இதெல்லாம் ஒரு கூட்டமா என்ற தெம்பு. எனக்கும் இருந்தது. முதல் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, நிஷி கசாய் நிலையத்தில், அந்தத் தெம்பு இறங்கிப் போய்விட்டது. நான் ஏறவில்லை. மூன்று வண்டிகளை விட்டுவிட்டு நான்காவதில்தான் ஏறினேன்.

நிஷி கசாய் இருப்பது நகரின் கிழக்கே, எடோகவா வட்டாரத்தில். 2000ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலைச் சரிசெய்ய வந்த நம் ஊர்ப் பொறியாளர்கள் இங்கே தங்கத் தொடங்கி, பிறகு குடும்பம், மளிகைக் கடை, இட்லிமாவு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. இன்று தமிழ் பேசுகிறவர் புதிதாக வந்து வீடு தேடினால் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் கைகாட்டுவார்கள். அதனால் அவர் ஏறப்போகும் வண்டியும் பெரும்பாலும் டோசாய் என்ற சுரங்க ரயில் தடத்து வண்டிதான்.

நான் வேலையில் சேர்ந்த அதே மாதம் லண்டனிலிருந்து ஓர் ஆங்கிலேயரும் வந்து சேர்ந்தார். பக்கத்து மேசை. வரிசையில் நிற்பதைத் தன் நாட்டுக்காரர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று உறுதியாக நம்புகிறவர். எனக்கு வியப்பாக இருந்தது அவருக்குச் சாதாரணமாகப் பட்டது. அவர் வாய்பிளந்த இடத்தில் நான் கொட்டாவி விட்டேன். ஆனால் தடுக்கி விழுந்த கணக்கில் இருவரும் சமம். அந்தக் கணக்கிலிருந்து எடுத்தவைதான் இந்தக் குறிப்புகள்.

ஒரே ஒரு சொல்லை மட்டும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்: மெய்வாகு. அடுத்தவருக்கு உண்டாக்கும் இடைஞ்சல் என்று பொருள். ரயிலுக்குள் ஒட்டியிருக்கும் அறிவிப்புகளில் பாதி இந்தச் சொல்லைச் சுற்றித்தான் எழுதப்பட்டிருக்கும். கூட்டத்தில் தோளோடு தோள் நசுங்குவது மெய்வாகு ஆகாது. அது யார் கையிலும் இல்லை. உங்கள் கையில் இருக்கிற ஒன்றை, அதாவது பை, குரல், கைப்பேசி, சொட்டும் குடை இவற்றில் ஏதாவது ஒன்றைக் கவனிக்காமல் விட்டால் அதுதான் மெய்வாகு. கீழே வருவதில் எது மறந்தாலும் இந்த வேறுபாட்டை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம்.

அட்டையும் சீசன் டிக்கெட்டும்

வந்த அன்றே ஐசி அட்டை ஒன்று, அதாவது பணம் நிரப்பி வாயிலில் தொட்டுவிட்டுப் போகும் அட்டை, வாங்கிவிடுங்கள். சுய்கா 2001இல் வந்தது, பாஸ்மோ 2007இல். 2013இலிருந்து பெரிய நகரங்களின் அட்டைகள் ஒன்றின் இடத்தில் மற்றது செல்லுபடியாகும் என்பதால், எதை வாங்குவது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அட்டைக்கு 500 யென் முன்பணம். உள்ளே 20,000 யென் வரை நிரப்பலாம். பெயர் பதிந்த அட்டையாக வாங்குங்கள். தொலைந்தால் மீதித் தொகையோடு வேறு அட்டை கிடைக்கும். கைப்பேசியிலேயே வைத்துக்கொள்ளவும் முடியும். என் கைப்பேசி ஒரு மாலை வழியிலேயே உயிரை விட்ட பிறகு நான் பிளாஸ்டிக் அட்டைக்குத் திரும்பிவிட்டேன்.

அடுத்து தெய்கிகென், நம் சீசன் டிக்கெட்டேதான். ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று மூன்று அளவில் கிடைக்கும். பெரும்பாலான நிறுவனங்கள் இந்தச் செலவை ஊழியருக்குக் கொடுத்துவிடுகின்றன. மாதம் 1,50,000 யென் வரை அதற்கு வருமான வரியும் கிடையாது. லண்டன்காரர் இதை நம்பவே இல்லை. அவருடைய ஊரில் வரி கட்டிய சம்பளத்திலிருந்துதான் ரயில் கட்டணம் போகும். மனிதவளப் பிரிவிடம் இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டார்.

தெய்கிகென்னில் உங்கள் பெயர் அச்சாகியிருக்கும். விடுமுறை நாளில் மனைவியோ தம்பியோ எடுத்துக்கொண்டு போகலாம் என்று நினைக்க வேண்டாம். பிடிபட்டால் கட்டணத்தைப் போல மூன்று மடங்கு கட்ட நேரிடும். ஆனால் உங்களுக்கு மட்டும் அது தங்கச் சுரங்கம். தடத்தில் உள்ள எந்த நிலையத்திலும், எந்த நாளும், எத்தனை முறை வேண்டுமானாலும் இறங்கி ஏறலாம். நிஷி கசாயிலிருந்து ஓத்தெமாச்சிவரை வைத்திருப்பவர் ஞாயிற்றுக்கிழமை நடுவழியில் மொன்சென் நகாச்சோவில் இறங்கி, ஃபுகாகவா ஃபுடோ கோயிலில் நடக்கும் கோமா என்ற தீ வழிபாட்டைக் காசு செலவில்லாமல் பார்த்துவிட்டு வரலாம். பெயரைக் கேட்டதும் புரிந்திருக்கும், அது நம் ஹோமம்தான்.

வாயிலில் இரண்டு சங்கடங்கள் வரும். வெளியே வரும்போது அட்டையில் பணம் குறைந்தால் சிறு கதவுகள் டப்பென்று மூடிக்கொள்ளும், பின்னால் வருகிறவர் உங்கள் முதுகில் மோதுவார். உடனே ஒதுங்கி, பக்கத்திலுள்ள செய்சன்கி என்ற இயந்திரத்தில் பணம் போட்டுவிட்டு வாருங்கள். மற்றது, உள்ளே போன அதே நிலையத்தில் பயணம் செய்யாமல் வெளியே வர முயல்வது. வீட்டில் எதையோ மறந்துவிட்டுத் திரும்பும்போது இது நடக்கும். கதவு பெரும்பாலும் விடாது. ஓரத்தில் இருக்கும் ஊழியரிடம் அட்டையை நீட்டினால் அவர் பார்த்துக்கொள்வார்.

வரிசைக்குள் இன்னொரு வரிசை

நடைமேடைத் தரையில் கதவு வந்து நிற்கும் இடம் குறிக்கப்பட்டிருக்கும். வண்டி அந்தக் குறியில்தான் நிற்கும்; ஓடிப் பிடிக்க வேண்டியதில்லை. இரண்டு பேராகவோ மூன்று பேராகவோ சேர்ந்து நிற்பார்கள். பல நிலையங்களில் வட்டம், முக்கோணம் என்று வெவ்வேறு குறிகள் இருக்கும். வெவ்வேறு நீளமுள்ள வண்டிகளுக்கும் வெவ்வேறு வகை வண்டிகளுக்கும் அவை தனித்தனி. மேலே பலகையில் உங்கள் வண்டிக்கு எந்தக் குறி என்று பார்த்துவிட்டு நில்லுங்கள்.

இதிலேயே உள்வேலை ஒன்று உண்டு. சில நிலையங்களில் இப்போது வரும் வண்டிக்கு ஒரு வரிசை, அடுத்த வண்டிக்கு ஒரு வரிசை. முதல் வண்டி போனதும் இரண்டாம் வரிசை அப்படியே பக்கவாட்டில் நகர்ந்து முதல் வரிசையின் இடத்துக்கு வரும். யாரும் சொல்வதில்லை, கை காட்டுவதில்லை. முப்பது பேர் நண்டு போல மூன்று அடி நகர்வார்கள். லண்டன்காரர் முதல்முறை நகரவில்லை. தான் நிற்கும் இடமே வரிசை என்று நின்றுகொண்டிருந்தார். வரிசை அவரை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டது. தன் வாழ்நாளில் முதல்முறையாக வரிசையில் தோற்றதாக அன்று மதியம் சோகமாகச் சொன்னார்.

இருக்கை வேண்டும், நிதானமாகப் போக வேண்டும் என்றால் புறப்படும் நிலையத்திலிருந்து ஏறுவதும், காலை ஏழுக்கு முன் கிளம்புவதும்தான் வழி. வேறு தந்திரம் எதையும் எட்டு ஆண்டுகளில் நான் கண்டுபிடிக்கவில்லை.

முதுகு காட்டி ஏறுங்கள்

இந்த ஒன்றைக் கற்றுக்கொள்ளத்தான் எனக்கு மூன்று வண்டிகள் ஆயின.

கூட்டத்தை அளக்க ஜப்பானியப் போக்குவரத்து அமைச்சகம் வைத்திருந்த அளவுகோல் எனக்கு மிகவும் பிடித்தது. எல்லோருக்கும் உட்கார இடமோ, தொங்கும் வளையமோ, கதவோரக் கம்பியோ கிடைத்தால் 100 விழுக்காடு. செய்தித்தாளை விரித்து வசதியாகப் படிக்க முடிந்தால் 150. மடித்துச் சிரமப்பட்டுப் படித்தால் 180. உடம்போடு உடம்பு அழுந்தினாலும் வார இதழ் ஒன்றை எப்படியோ படித்துவிடலாம் என்றால் 200. கையைக்கூட அசைக்க முடியாமல், வண்டி சாயும்போதெல்லாம் சேர்ந்து சாய்ந்தால் 250. எந்த நிலையிலும் மனிதன் எதையாவது படித்துக்கொண்டுதான் இருப்பான் என்ற நம்பிக்கை அந்த அளவுகோலில் தெரிகிறது. டோசாய் தடத்தில் கிபாவிலிருந்து மொன்சென் நகாச்சோ வரையிலான பகுதி 2019ஆம் நிதியாண்டில் 199ஐத் தொட்டு நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது. தொற்றுக்காலத்தில் சரிந்து, அண்மை ஆண்டுகளில் 150ஐ ஒட்டி நிற்கிறது. இது உச்ச நேரத்து ஒரு மணிக்கான சராசரி என்பதை நினைவில் வையுங்கள். சராசரிக்குள் நீங்கள் ஏறும் எட்டு மணி வண்டி ஒளிந்திருக்கிறது.

வண்டி வந்து கதவு திறந்ததும் வரிசை இரண்டாகப் பிரிந்து இருபுறமும் ஒதுங்கும். இறங்குகிறவர்கள் கடைசி ஆள்வரை இறங்கட்டும். பிறகு உங்கள் முறை. உள்ளே பார்த்தால் சுவர் போல மனிதர்கள். நம் ஊரில் என்றால் "கொஞ்சம் உள்ளே போங்க சார்" என்று ஒரு குரல் கொடுப்போம். இங்கே குரல் இல்லை. முன்னோக்கிப் போனால் உங்கள் முகம் இன்னொருவர் முகத்தில் போய் முட்டும், இருவருக்கும் தர்மசங்கடம். ஆகவே வாசலில் நின்று திரும்புங்கள். முகம் நடைமேடையைப் பார்க்கட்டும். பையை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். ஒரு கையால் கதவுக்கு மேலே உள்ள விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முதுகால் மெதுவாக, விடாமல் அழுத்திப் பின்வாங்குங்கள். இடிக்கக் கூடாது; அழுத்த வேண்டும். மாவு பிசைகிற மாதிரி. பின்னால் இருக்கும் கூட்டம் மெல்ல இளகி ஒரு காலடி இடம் தரும். கதவு மூக்குக்கு முன்னால் மூடும்.

லண்டன்காரரை அதிகம் கலங்கவைத்தது இதுதான். அவ்வளவு ஒழுங்காக வரிசையில் நின்றவர்கள், கதவைத் தாண்டியதும் ஒரு வார்த்தை பேசாமல் முதுகால் தள்ளுகிறார்கள், மன்னிப்பும் கேட்பதில்லை. அவருடைய ஊரில் தோள் பட்டாலே பட்டவர், படுத்தியவர் இருவரும் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார்களாம். எனக்கு இது புரிந்தது. நூறு பேர் நெருங்கும் இடத்தில் ஒவ்வொரு உரசலுக்கும் மன்னிப்புக் கேட்டால் அதுவே பெரிய இரைச்சலாகிவிடும். கூட்ட நேரத்தில் எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்க்காமல் இருப்பதுதான் இங்கே மரியாதை. கூரையைப் பாருங்கள், விளம்பரத்தைப் பாருங்கள், கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

கதவு மூடும் இசை கேட்டதும் ஓடிப்போய்ப் பாய்வதற்கு ககேகோமி ஜோஷா என்று பெயர் வைத்து, ஒலிபெருக்கியில் வேண்டாம் என்று கேட்டுக்கொள்வார்கள். காலை நேரத்தில் அடுத்த வண்டி இரண்டு மூன்று நிமிடத்தில் வந்துவிடும். பாய்கிறவனைப் பார்த்து யாரும் திட்டுவதில்லை என்பதை வைத்து அவன் செய்வது சரி என்று முடிவுகட்ட வேண்டாம்.

பெட்டிக்குள்

முதுகுப்பையை முன்னால் மாட்டுங்கள், அல்லது மேல்தட்டில் வையுங்கள். முதுகில் தொங்கும் பை எத்தனை பேரை இடிக்கிறது என்பது அதைச் சுமப்பவருக்கு மட்டும்தான் தெரியாது. கைப்பேசியை மானா மோடோ எனப்படும் ஒலியில்லா நிலையில் வையுங்கள். பெட்டிக்குள் அழைப்பை எடுக்கக் கூடாது. அவசரம் என்றால் கையால் வாயை மறைத்துக்கொண்டு "ரயிலில் இருக்கிறேன், பிறகு கூப்பிடுகிறேன்" என்று முணுமுணுத்துவிட்டு வைத்துவிடுங்கள். அம்மாவிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். இரண்டு முறை எடுக்காவிட்டால் மூன்றாவது முறை அவர் தூதரகத்தைத் தேடத் தொடங்கிவிடுவார்.

நண்பர்களோடு பேசத் தடையில்லை. ஆனால் நாம் நான்கு பேர் சேர்ந்தால் நம் சாதாரணக் குரலே அடுத்த பெட்டிவரை போகும். ஒருநாள் சனிக்கிழமை மாலை, நாங்கள் ஐந்து பேர் கிரிக்கெட் ஆட்டம் ஒன்றைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தோம். எதிரே இருந்த பெரியவர் எழுந்து மெல்ல வேறு பெட்டிக்குப் போனார். முகத்தில் ஒன்றும் இல்லை. நிஷி கசாயில் பதினைந்து ஆண்டுகளாக இருக்கும் எங்கள் மாடி வீட்டு அண்ணன்தான் இறங்கியதும் சொன்னார்: "தம்பி, இந்த ஊரில் யாரும் திட்ட மாட்டார்கள். எழுந்து போவார்கள். அதுதான் திட்டு."

வாசனை. இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இங்கே வாடகை வீடுகள் சிறியவை. சமையலறைக்கும் துணி மாட்டும் இடத்துக்கும் நடுவே பல வீடுகளில் ஒரு கதவுகூட இருக்காது. காலையில் கடுகும் கறிவேப்பிலையும் பெருங்காயமும் தாளித்தால் அந்த மணம் கம்பளிக் கோட்டில் ஏறி, மூன்று நாள் இறங்காது. நமக்கு அது வீட்டு மணம். நெருக்கியடிக்கும் பெட்டியில் பக்கத்தில் நிற்பவருக்கு அப்படி இல்லை. கனமான அத்தரும் வாசனைத் திரவியமும் அதே கணக்குதான். அவற்றைக் குறைகூற ஜப்பானியர்கள் சுமெஹரா என்று ஒரு சொல்லே செய்து வைத்திருக்கிறார்கள். தாளிப்பதை நிறுத்த வேண்டாம், அது நடக்கிற காரியமும் அல்ல. கோட்டை மட்டும் உறையில் போட்டு வாசலருகே மாட்டிவிடுங்கள்.

உட்கார இடம் கிடைத்தால் காலைச் சேர்த்து உட்காருங்கள், மடியில் பையை வையுங்கள். பக்கத்தில் இருப்பவர் தூங்கி உங்கள் தோளில் சாய்வார். வெளியிடத்தில் இப்படித் தூங்குவதற்கு இனெமுரி என்று பெயர். யாரும் குறைவாக நினைப்பதில்லை. லண்டன்காரர் முதல் வாரம் சிலையாக உட்கார்ந்திருந்தார், எழுப்புவது முறையா இல்லையா என்று தெரியாமல். தோளை மெல்ல ஒருமுறை அசைத்தால் போதும். அவர் நிமிர்ந்து, மறுபடி சாய்வார். தன் நிலையம் வந்ததும் யாரும் எழுப்பாமலே கண் திறந்து இறங்கிப் போவார். அந்த வித்தை மட்டும் எனக்கு இன்னும் கைகூடவில்லை.

பெட்டியின் கோடியில் உள்ள முன்னுரிமை இருக்கைகள் 1973 செப்டம்பர் 15, முதியோர் மரியாதை நாளன்று, ச்சூவோ தடத்தில் தொடங்கியவை. அங்கே உட்காரத் தடையில்லை என்றாலும் கண் விழித்திருக்க வேண்டும். முதியவர்களை நாம் எளிதில் கண்டுகொள்வோம். பைகளில் தொங்கும் இரண்டு சின்னங்களைத்தான் புதியவர்கள் கவனிக்காமல் விடுவார்கள். தாயும் குழந்தையும் வரைந்த வட்டச் சின்னம் கருவுற்ற பெண்களுக்கானது. சிவப்பில் வெள்ளைக் கூட்டல் குறியும் இதயமும் இருந்தால், வெளியே தெரியாத நோயோ குறைபாடோ உள்ளவர். யாரும் வாய்திறந்து இடம் கேட்க மாட்டார்கள். சின்னத்தைப் பார்த்தால் நீங்களே எழுந்துகொள்ளுங்கள்.

இன்னொன்றும் நடக்கும். பெட்டி நிறைந்திருக்க, உங்கள் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகக் கிடக்கும். முதல்முறை வலித்தது. நிறம் காரணமோ என்று நினைத்தேன். லண்டன்காரரோ தன் பக்கத்திலும் அதே வெற்றிடம்தான் என்றார். வெளிநாட்டு முகங்கள் பலவற்றுக்கும் அது உண்டு. ஒதுக்கலா, மொழி தெரியாதவரிடம் மாட்டிக்கொள்வோமோ என்ற கூச்சமா என்று நாங்கள் பலமுறை வாதிட்டிருக்கிறோம். இரண்டும் இருக்கிறது என்பது என் கணிப்பு. கொஞ்ச காலத்துக்குப் பிறகு பையை வைக்க இடம் கிடைத்தது என்று எடுத்துக்கொள்ளத் தொடங்கினேன். அதுவும் மெய்வாகுதான் என்று உடனே தெரிந்துகொண்டேன்.

சாப்பாடு: நகர வண்டிகளில் வேண்டாம். ஷின்கான்சென் என்ற தொலைதூர அதிவேக ரயிலில் தாராளமாகச் சாப்பிடலாம், அங்கே பெட்டிச் சோறு வாங்கிச் சாப்பிடுவதே பயணத்தின் பாதி இன்பம். குப்பைத் தொட்டியைத் தேட வேண்டாம். 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயில்களில் நடந்த சாரின் நச்சுவாயுத் தாக்குதலுக்குப் பிறகு தொட்டிகள் குறையத் தொடங்கி, 2022இல் டோக்கியோ மெட்ரோ தன் நிலையங்களிலிருந்து அவற்றை அடியோடு எடுத்துவிட்டது. பையில் ஒரு சிறு பிளாஸ்டிக் உறை வைத்திருங்கள்; குப்பை உங்களோடு வீட்டுக்கு வரும்.

பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனியே ஒரு சொல்

இவ்வளவு ஒழுங்கான இடத்தில் சிக்கான் என்ற கேடும் உண்டு: கூட்ட நெரிசலில் பெண்களைத் தொடுவது. நிலையங்களில் எச்சரிக்கைச் சுவரொட்டிகளை நீங்களே பார்ப்பீர்கள். காலை உச்ச நேரத்தில் பல தடங்களில் பெண்கள் பெட்டி உண்டு. தரையிலும் கண்ணாடியிலும் இளஞ்சிவப்பு ஒட்டு இருக்கும். டோக்கியோ காவல்துறையின் டிஜி போலீஸ் செயலியில், உதவி வேண்டும் என்பதைத் திரையில் காட்டவும் குரலாக ஒலிக்கவும் ஒரு வசதி இருக்கிறது. அதை முதல் நாளே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நிலையத்தில் இறங்கி ஊழியரிடம் சொல்லுங்கள். இங்கே மட்டும் மெய்வாகு என்று எண்ணி அமைதியாக இருக்க வேண்டாம்.

ஆண்களே, இளஞ்சிவப்பு ஒட்டைக் கவனியுங்கள். தெரியாமல் ஏறினால் யாரும் கத்த மாட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துத்தான் சுற்றிலும் பெண்கள் மட்டும் இருப்பது உங்களுக்கே உறைக்கும். மற்ற பெட்டிகளில், நெரிசலில் இரண்டு கைகளையும் மேலே வளையத்தில் வைத்திருக்கும் ஆண்கள் பலரைப் பார்ப்பீர்கள். வீண் சந்தேகத்துக்கு இடம் கொடுக்காமல் இருக்கத்தான். நல்ல பழக்கம்.

இறங்குவது

கதவோரம் நிற்கிறீர்கள், உங்கள் நிலையம் இன்னும் வரவில்லை, ஆனால் உள்ளிருந்து பத்துப் பேர் இறங்க வேண்டும். அசையாமல் கம்பியைப் பற்றிக்கொண்டு நிற்பது நம் வழக்கம். இறங்கினால் இடம் போய்விடும் என்ற பயம். இங்கே இறங்கி நடைமேடையில் கதவையொட்டி நில்லுங்கள். எல்லோரும் இறங்கியதும் முதலில் ஏறும் உரிமை உங்களுக்குத்தான். வரிசையில் நிற்பவர்கள் காத்திருப்பார்கள். முதல்முறை நம்பிக்கை வராது. எனக்கும் வரவில்லை.

நீங்கள் உள்ளே மாட்டிக்கொண்டால் "சுமிமாசென், ஓரிமாசு" என்று சொல்லுங்கள். மன்னிக்கவும், இறங்குகிறேன் என்று பொருள். வலக்கையைக் கத்தி போல நிமிர்த்தி, மார்புக்கு முன்னால் மேலும் கீழுமாக மெல்ல அசைத்து, சற்றுக் குனிந்து நகருங்கள். காற்றை வெட்டி வழி செய்வது போல இருக்கும். சொல் வராத அன்றும் இந்தக் கை வழி திறக்கும்.

டோசாய் தடத்துக்காரர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. மாலையில் ககுஎகி, கய்சோகு என்று இரண்டு வகை வண்டிகள் வரும். முதலாவது எல்லா நிலையங்களிலும் நிற்கும். கய்சோகு விரைவு வண்டி. டோயோச்சோவை விட்டால் அடுத்து உராயாசுதான். முதல் வாரம் வந்து நின்ற வண்டியில் ஏறி, இடமும் கிடைத்த மகிழ்ச்சியில் உட்கார்ந்தேன். வண்டி சுரங்கத்திலிருந்து மேலே வந்து அரகவா ஆற்றுப் பாலத்தைக் கடந்தது. நிஷி கசாய் நிலையம் சன்னலில் வந்தது. நான் வழக்கமாகப் பால் வாங்கும் கடையின் விளக்குகூடத் தெரிந்தது. எல்லாம் அப்படியே பின்னால் போய்விட்டன. இறங்கியபோது டோக்கியோ எல்லையைத் தாண்டிச் சிபா மாவட்டத்தில் நின்றுகொண்டிருந்தேன். நிலையப் பெயர் படிக்க வராவிட்டால் எண்ணைப் பாருங்கள்: ஓத்தெமாச்சி டி09, நிஷி கசாய் டி16, உராயாசு டி18.

நகரும் படி

டோக்கியோவில் இடப்பக்கம் நிற்பார்கள், ஒசாகாவில் வலப்பக்கம். லண்டனில் வலப்பக்கம் என்பதால் எங்கள் ஆங்கிலேயர் ஒசாகா போன அன்று மட்டும் வீட்டுக்கு வந்தது போல உணர்ந்தாராம். மறுபக்கத்தில் ஏறிப் போவதே ஆபத்து, இருபுறமும் நின்றே செல்லுங்கள் என்று 2021 அக்டோபரிலிருந்து சைதாமா மாவட்டத்தில் விதியே இருக்கிறது. நகோயா நகரம் 2023இல் அதைப் பின்பற்றியது. விதிக்குத் தண்டனை இல்லை. முன்னால் நிற்பவரைப் பார்த்து நில்லுங்கள், பிரச்சினை வராது.

வண்டி தாமதமானால்

2017இல் சுகுபா எக்ஸ்பிரஸ் நிறுவனம் தன் வண்டி ஒன்று 20 விநாடி முன்னதாகக் கிளம்பிவிட்டதற்காக மன்னிப்புக் கேட்டது. லண்டன்காரர் இந்தச் செய்தியை வெட்டித் தன் மேசையில் ஒட்டி வைத்திருக்கிறார். பிரிட்டனில் ஐந்து நிமிடம், தொலைதூர வண்டி என்றால் பத்து நிமிடம்வரை பிந்தி வந்தாலும் சரியான நேரம் என்றே நெடுங்காலம் கணக்கிட்டு வந்தார்கள்.

ஆனால் டோக்கியோவிலும் வண்டி பிந்தும். கதவு மூட முடியாத கூட்டம், அரகவா பாலத்தில் பலத்த காற்று, சமிக்ஞைக் கோளாறு எனக் காரணங்கள் உண்டு. ஐந்து நிமிடத்துக்கு மேல் பிந்தினால் சியென் ஷோமெய்ஷோ என்ற தாமதச் சான்று கிடைக்கும். வாயிலில் சீட்டாகத் தருவார்கள், நிறுவனத்தின் இணையதளத்திலும் எடுக்கலாம். அதை அலுவலகத்தில் காட்டினால் பல இடங்களில் தாமதம் கணக்கில் வராது. சான்று இருந்தாலும், பிந்தும் என்று தெரிந்தவுடனே மேலாளருக்கு ஒரு வரி அனுப்பிவிடுங்கள். சீட்டைவிட அந்த வரிக்குத்தான் மதிப்பு.

அறிவிப்பில் ஜின்ஷின் ஜிகோ என்று கேட்டால் யாரோ வண்டியில் அடிபட்டிருக்கிறார். பல நேரம் அது தற்கொலை. பெட்டியில் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். வண்டி ஒரு மணி நேரம்கூட நிற்கலாம். அப்போது ஃபுரிகாயே என்ற மாற்றுப் பயண ஏற்பாடு அறிவிப்பார்கள்: வேறு நிறுவனத்து வண்டியில் கூடுதல் கட்டணம் இல்லாமல் சுற்றிப் போகலாம். இதில் பலருக்கும் தெரியாத நுணுக்கம் ஒன்று உண்டு. அந்தத் தடத்துக்குச் செல்லும் தெய்கிகென்னோ காகித டிக்கெட்டோ வைத்திருப்பவருக்குத்தான் அது கிடைக்கும். ஐசி அட்டையில் நிரப்பிய பணத்தில் பயணம் செய்கிறவருக்குக் கிடையாது. சீசன் டிக்கெட்டை உடனே எடுங்கள் என்று சொல்ல இதுவும் ஒரு காரணம்.

புயல் வரும் நாட்களில் முந்தின நாளே, இத்தனை மணிக்கு மேல் வண்டி ஓடாது என்று அறிவித்துவிடுவார்கள். அறிவித்தால் ஓடாது. கடைசி நேரத்தில் ஒரு வண்டி வரும் என்று காத்திருக்காமல் வீட்டுக்குக் கிளம்புங்கள்.

கடைசி வண்டியும் தொலைந்த குடையும்

ஷூடென் என்றால் அன்றைய கடைசி வண்டி. நள்ளிரவை ஒட்டிப் போய்விடும். 2021இல் பல தடங்களில் அதை இன்னும் முன்னால் தள்ளிவிட்டார்கள். விட்டால் விடியற்காலை ஐந்து மணி அளவில்தான் முதல் வண்டி. டாக்சியில் இரவு பத்து மணிக்கு மேல் 20 விழுக்காடு கூடுதல். அலுவலக விருந்துகளில் பதினொன்றரைக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், நீங்களும் பாருங்கள். ஷூடென் என்று சொல்லி எழுந்தால் மேலதிகாரிகூடத் தடுக்க மாட்டார். விருந்திலிருந்து நழுவ இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

வண்டியில் எதையாவது விட்டுவிட்டால் அன்றே நிலைய ஊழியரிடம் சொல்லுங்கள்: எந்த வண்டி, எத்தனை மணி, எந்தப் பெட்டி. பொருள் முதலில் நிலையத்திலும், பிறகு நிறுவனத்தின் மையத்திலும், கடைசியில் காவல்துறையிடமும் போய்ச் சேரும். டோக்கியோ காவல்துறைக்கு மட்டும் ஆண்டுக்கு 40 லட்சத்துக்கு மேற்பட்ட பொருட்கள் வருகின்றன. உரியவருக்காக மூன்று மாதம் வைத்திருப்பார்கள். என் பணப்பை பணத்தோடு திரும்பி வந்தது.

லண்டன்காரரின் குடை மட்டும் வரவில்லை. கடையில் வாங்கிய, ஒளி ஊடுருவும் வெள்ளைப் பிளாஸ்டிக் குடை. ஊழியர் பொறுமையாகக் கேட்டார்: நிறம்? நிறமில்லை. கைப்பிடி? வெள்ளை. வேறு அடையாளம்? அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, நனைந்திருந்தது என்றார். அடுத்த நாள் புதிதாக இன்னொன்று வாங்கி வந்தவர், என்னிடம் வந்து நம் ஊரில் மணிக்கட்டில் கட்டுவார்களே அந்தச் சிவப்புக் கயிறு கிடைக்குமா என்று கேட்டார். ஒரு முழம் கொடுத்தேன். இப்போது அது அவருடைய குடைக் கைப்பிடியில் இருக்கிறது. நீங்களும் ஒன்று கட்டிவிடுங்கள்.